மதகை அடைத்த நாள்

கரியாலூர்ப் பக்கம் அருவி பார்த்துவிட்டு வருகிறவர்கள் போனை நீட்டி எனக்குப் படம் காட்டுகிறார்கள். வெள்ளையாக விழுகிற தண்ணீர், அதற்கு முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற குடும்பம். எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. விழுந்த தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று அவர்கள் யோசிப்பதில்லை. எனக்கு அதைத் தவிர வேறு யோசனை வருவதில்லை. கல்வராயன் மலையில் பெய்வது ஆற்றில் இறங்கி, தடுப்பணையில் ஒரு பங்கு திரும்பி, வரத்து வாய்க்கால் வழியாக எங்கள் ஊர் ஏரிக்கு வரும். அந்த ஏரி என் அண்ணனைக் கொண்டுபோய்விட்டது என்று ஊரில் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. ஏரியின்மேல் பழியைப் போடுவது சுலபம், அதற்கு வாய் இல்லை.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கும் ரிஷிவந்தியத்துக்கும் இடையில் இருக்கிறது. ஏரி என்றால் நிற்கிற தண்ணீர் என்று பட்டணத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். எந்த ஏரியும் நிற்பதில்லை. எங்கள் ஏரிக்கு மேற்கே வரத்து வாய், கிழக்கே கரை. கரையில் இரண்டு மதகுகள். மேட்டுக் கழனிக்குத் தண்ணீர் விடுவது மேட்டு மதகு, தாழ்ந்த கழனிக்கு விடுவது பள்ள மதகு. வடக்கு ஓரத்தில் கலங்கல். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்தக் கற்சுவரின்மேல் வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஏரிக்கு உள்ளே, வரத்து வாயிலிருந்து பள்ள மதகுவரை ஒரு பழைய ஓடை கிடந்தது. நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அடியில் தண்ணீர் அந்த வழியாகத்தான் நடக்கும். தெற்கு மூலைக்கு மட்டும் போகாது. அங்கே பாசியும் கருவேல மரங்களும்தான். அந்த மூலையில் யாரும் குளிப்பதுகூட இல்லை, ஒரு வீச்சம் அடிக்கும்.

இதெல்லாம் ஊருக்கு எப்படித் தெரியும் என்றால், வருஷா வருஷம் பார்ப்பதால்தான். முதல் தண்ணீர் வரும்போது வரத்து வாயில் சூடம் கொளுத்தி, மஞ்சள் பூசின தேங்காயை ஒரு பெரிய மாலையில் கட்டித் தண்ணீரில் விடுவார்கள். ஆண்கள் விடுவார்கள். பெண்கள் பள்ள மதகில் காத்திருப்பார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ மாலை வந்து சேரும். மூத்த சுமங்கலி ஒருத்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை முந்தானையில் வாங்குவாள். வரத்து வாயில் விட்டது பள்ள மதகுக்கு வரும் என்பது எங்கள் ஊரில் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி. அதற்குமேல் பேச்சில்லை.

அந்தப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வயல் வரப்பில் அண்டை வெட்டவும் மூட்டை தூக்கவும் போனான். நிலம் இல்லாவிட்டாலும் ஏரி நிரம்பினால்தான் எங்களுக்குக் கூலி, ஏரி காய்ந்தால் கரும்பு வெட்ட வெளியூர் போகவேண்டும். அண்ணன் உழைத்த உழைப்பில்தான் நான் டீச்சர் டிரெயினிங் சேர்ந்தேன். வாரம் ஒருமுறை ஹாஸ்டலிலிருந்து வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான்.

"யம்மா, டீச்சரம்மா வந்துகினு இருக்காங்க. நாற்காலி எடுத்துப் போடு. நம்ம வூட்லதான் நாற்காலியே இல்லியே, இன்னா பண்றது, என் முதுவுல குந்தச் சொல்லு."

நான் முறைப்பேன். அம்மா சிரித்துக்கொண்டே சோறு போடுவாள். அவன் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டில் சத்தம் இருந்தது.

நாலு வழிச் சாலை போட்ட காலம் அது. கோடையில் ஏரி வறண்டு கிடந்தபோது சாலைக்கு மண் எடுக்க லாரிகள் வந்தன. வரத்து வாய்க்குக் கொஞ்சம் உள்ளே தெற்குப் பக்கமாகப் பெரிய பெரிய குழிகள் தோண்டினார்கள். லாரி ஏறி இறங்க வேண்டும் என்று, பழைய ஓடைக்குக் குறுக்கே செம்மண்ணைக் கொட்டி மேடாக ஒரு பாதை போட்டார்கள். வேலை முடிந்ததும் லாரிகள் போயின. பாதையை யாரும் கலைக்கவில்லை. ஊரில் இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். கண்டிராக்டர் கோயிலுக்குத் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்ததும் முணுமுணுப்பு நின்றது. புரட்டாசி முடிந்து தண்ணீர் வந்து அந்தப் பாதையை மூடியதும், எங்கள் ஜனங்களுக்கு அது இல்லாமலே போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாத ஓடையை ஞாபகம் வைத்திருந்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத மேட்டை மறந்துபோனார்கள்.

அந்த வருஷம் மாலை வரவில்லை.

பெண்கள் மூன்று நாள் பள்ள மதகில் காத்திருந்தார்கள். வரவேயில்லை. தண்ணீர் வேறு வழியில் போகிறதோ என்று ஒருவர், ஒரே ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆத்தாளுக்குக் கோபம் என்றார்கள். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கிப் பொங்கல் வைத்தார்கள். ஒரு கிடா வெட்டினார்கள். அண்ணனும் கறி தின்றுவிட்டு வந்து, "ஆத்தாவுக்கு ரத்தம், நமக்கு எலும்பு" என்று சிரித்தான். அம்மா அவன் வாயில் ஒரு போடு போட்டாள். நானும் சிரித்தேன். எனக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை.

ஐப்பசிக் கடைசியில் புயல் மழை பிடித்தது. மலையில் இரண்டு நாள் விடாமல் கொட்டியது என்றார்கள். வாய்க்காலில் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. கரை பலமில்லை, பாரத்தைக் குறைக்கவேண்டும் என்று அன்று காலையிலேயே இரண்டு மதகுகளையும் திறந்துவிட்டிருந்தார்கள். மதகு பார்த்தவர் அம்மாவுக்கு அண்ணன் முறை, எனக்கு மாமா. அதிகம் பேசாத மனுஷர், ஊர் சொன்னால் திறப்பார், ஊர் சொன்னால் அடைப்பார்.

மதியத்துக்கு வரத்து வாயில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர் வேரோடு வந்து அடைத்துக்கொண்டது. வாய்க்கால் எங்கள் தெருவை ஒட்டித்தான் வருகிறது. புதரை எடுக்காவிட்டால் தண்ணீர் தெருவுக்குள் ஏறிவிடும். எங்கள் தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேர் கடப்பாரையும் கொக்கியும் எடுத்துக்கொண்டு போனார்கள். மழையில் பஸ் ஓடாததால் நான் ஹாஸ்டலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தேன். அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

"சீக்கிரம் வாடா, கொழம்பு கூட்டி வச்சிருக்கன்" என்றாள் அம்மா.

"கருவாடு கம்மியா போடு, டீச்சர் மூக்கப் பொத்தும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதரை இழுத்துக்கொண்டிருக்கும்போது அது மொத்தமாக ஒரே நேரத்தில் பிய்த்துக்கொண்டது. அண்ணன் அதன் மேல் நின்று வெட்டிக்கொண்டிருந்தான். புதரோடு ஏரிக்குள் போய்விட்டான். கூட இருந்தவர்கள் கரையிலேயே ஓடினார்கள். ஒருமுறை தலை தெரிந்தது, கை தெரிந்தது, அப்புறம் புதர்தான் சுற்றிச் சுற்றிப் போயிற்று. மழை கண்ணை மறைத்தது.

ஊர் முழுக்கப் பள்ள மதகுக்கு ஓடியது. நானும் அம்மாவும் ஓடினோம். வேறு எந்தப் பக்கமும் போகவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வரத்து வாயில் போனது பள்ள மதகுக்குத்தானே வரும். நீச்சல் தெரிந்த பையன்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மதகின் முன்னால் முங்கினார்கள். மற்றவர்கள் கரைமேல் நின்று அவன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். காற்றில் அந்தக் கத்தல் எங்கெங்கோ போயிற்று. புதர் வரவில்லை, அவனும் வரவில்லை.

பொழுது சாயும்போது அவன் உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கை கரையில் யாருக்கும் இல்லை. அம்மாவுக்கும் இல்லை. அவள் அழவில்லை, மதகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. எனக்குத் தெரியும் அவள் எதை நினைத்தாள் என்று. முன்பு ஒரு வருஷம் ஒரு கன்றுக்குட்டி அந்த மதகுக்குள் போய்க் கரைக்கு அந்தப் பக்கம் வந்தது. வந்ததைக் கன்றுக்குட்டி என்று சொல்ல முடியாது.

அம்மா எழுந்து ஊர்ப் பெரியவர்கள் நின்ற இடத்துக்குப் போனாள். அவர்களில் பாதிப் பேருடைய கழனியில் அவள் கூலிக்கு நிற்கிறவள். அன்றுவரை அவர்களிடம் நிமிர்ந்து பேசியதில்லை.

"மதக அடைச்சுடுங்கய்யா" என்றாள். "உசுரக் கேக்கல. என் புள்ளய முழுசா குடுங்க. தூம்புல பூந்து பிஞ்சி வந்தா நான் எப்டிப் பாப்பன்?"

மதகை அடைத்தால் தண்ணீர் ஏறும். கரை உடைந்தால் கீழே அவர்களுடைய பயிர் அத்தனையும் போகும். கலங்கல் வழிய இன்னும் இரண்டு முழம் பாக்கி இருந்தது. ஒருவர் மட்டும், "கரை தாங்குமா?" என்று மெல்லக் கேட்டார்.

இன்னொருவர், நாங்கள் எப்போதும் கஞ்சப்பயல் என்று திட்டுகிறவர், அவர்தான் சொன்னார்: "தாங்கும். தாங்காட்டியும் போவுது. அந்தம்மா கேக்கறத செய்ங்கப்பா. நாம ஆளு மாத்தி ஆளு கரையில நிப்போம்."

எங்கள் தெரு ஆட்களுக்கும் அவர்கள் தெரு ஆட்களுக்கும் ஆகாது. தேர் இழுப்பதிலிருந்து டீக்கடைவரை தகராறுதான். அன்று எல்லோரும் சேர்ந்து ஒரே முடிவாக நின்றார்கள். நான் இதை எழுதும்போது யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. எங்களுக்கு அந்த ஊர் செய்த நல்ல காரியம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கும்.

மாமா இறங்கினார். மேட்டு மதகு சீக்கிரம் அடைபட்டது. பள்ள மதகின் இரும்புத் தண்டு துருப்பிடித்துப் பாதிக்குமேல் இறங்காது. மிச்சத்தை வைக்கோல் பிரியும் கோணியும் களிமண்ணும் வைத்து முங்கித்தான் அடைக்கவேண்டும். இழுப்பு அவர் கையைப் பிடுங்கியது. ஒவ்வொரு தடவையும் மேலே வந்து வாயைப் பிளந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனார். கடைசியில் சுழிப்பு நின்றது. குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"அடைச்சுட்டம்மா. இனிமே அவன் எங்கியும் போவமாட்டான். வந்தா நம்மாண்டதான் வரணும்."

அம்மா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

இரவெல்லாம் மழை பெய்தது. விடியும்போது கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. கரை தாங்கிவிட்டது. மதகின் முன்னால் வெறும் நுரையும் சுள்ளியும்தான் வந்து நின்றன. கள்ளக்குறிச்சியிலிருந்து தீயணைப்பு வண்டி மதியத்துக்கு மேல்தான் வர முடிந்தது, வழியில் ஓடைகளெல்லாம் சாலைமேல் ஓடின. வந்தவர்களில் மூத்தவர் ஏரி முழுவதும் ஒரு சுற்று பார்த்துவிடலாம் என்றார். எங்கள் ஆட்கள் விடவில்லை.

"இன்னா சார் நீங்க, எங்க ஏரி எங்களுக்குத் தெரியாதா? தெற்கால தண்ணியே போவாது. இங்க பாருங்க, இங்கதான் வருவான்."

அவர்களும் இருட்டும்வரை மதகின் முன்னால் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்கள். ஊர்க்காரர்கள் சொல்லும்போது அவர்கள்தான் என்ன செய்வார்கள்? மறுநாள் காலையில் மழை விட்டது. ரப்பர் படகில் இரண்டு பேர், யாரையும் கேட்காமல், தெற்கு மூலைக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து விசில் சத்தம் கேட்டது.

கருவேல மரத்தில் இருந்தான். லாரிப் பாதை மேடு தண்ணீரைத் திருப்பிக் குழிகளின் பக்கம் தள்ளியிருக்கிறது, அது அவனை அப்படியே தெற்கு மூலைக்குக் கொண்டுபோயிருக்கிறது. மரத்தின் கவையில் குத்துக்காலிட்டது மாதிரி உட்கார்ந்திருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்திருந்தது, அதனால் அதற்குமேல் ஏற முடியவில்லை. தலையில் கட்டிக்கொண்டு போன துண்டால் தன் மார்பையும் மரத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தான். தண்ணீர் அவன் தலைக்குமேல் நின்றது. மயிர் மட்டும் மிதந்தது என்று படகில் போனவர் சொன்னார்.

துண்டை இரண்டு முடிச்சு போட்டு இறுக்கியிருந்தான். நெல் மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. செத்தவன் முடிச்சுப் போடமாட்டான். கரையில் கிடத்தியபோது எல்லோரும் அந்தத் துண்டைத்தான் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விலகி நின்றார்கள். முறிந்த காலைத் தவிர உடம்பில் ஒரு கீறல்தான். அம்மா கேட்டபடியே முழுசாகக் கிடைத்தான்.

படகில் போனவர்களில் இளையவர் ஒருவர், வயசு இருபத்திரண்டு இருக்கும், தன் மேலதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தத் தெரியவில்லை அவருக்கு.

"ஒரு சாண்தான் சார். வாய்க்கு மேல ஒரு சாண் தண்ணி. கம்மியா இருந்திருந்தா பொழச்சிருப்பாரு."

அம்மா நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் தலை திரும்பவில்லை. மாமா அங்கே இருந்து எழுந்து ஏரிக்கரைமேல் நடந்து போனார், யாரோ பின்னாலேயே ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்றார்கள். எனக்கு அவர்களைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும் போல ஆத்திரம் வந்தது. தெற்குத் தெருவிலிருந்து வந்த ஒருத்தி என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் ஒரு விஷயம் சொன்னாள். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி கேட்டதாம். மதகில் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள், காற்று இழுத்துக்கொண்டு வருகிறது என்று நினைத்துக்கொண்டாளாம். "ஒங்கம்மாவுக்கு சொல்லாத" என்று என் காலைப் பிடித்தாள். நான் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, நான் வேலைக்குப் போன பிறகு, ஏரி அளக்க வந்த ஓர் ஓவர்சியரிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அந்த மாதிரி வெள்ளத்தில் இரண்டு மதகையும் அடைத்தால் எவ்வளவு ஏறும்? அவர் கணக்குப் போட்டுப் பார்க்காமலே சொன்னார், பெரிய வித்தியாசம் இருக்காது மேடம், வரத்து அவ்வளவு ஜாஸ்தி, மதகில் போகிறது கொஞ்சம்தான், ராத்திரிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் இருக்கும் என்றார். ஆறுதலாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார் பாவம்.

அம்மா மாமாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துக்க வருஷம் கழிந்து வந்த பொங்கலுக்கு எப்போதும்போல அவர் வீட்டுக்குத் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தனுப்பினாள். அவர்தான் எங்கள் தெருப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். மதகு பார்க்கிற வேலையையும் விட்டார். அந்த வருஷம் ஏரி நிறைந்திருந்ததால் இரண்டு போகம் அமோக விளைச்சல். நடவுக்கு ஆள் போதவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அம்மாவும் போய்ச் சேற்றில் இறங்கினாள். போகாமல் என்ன செய்வது, நான் படிக்கவேண்டுமே. அவள் நட்டது பள்ள மதகுத் தண்ணீர் பாய்கிற கழனியில்.

மதகைப் பற்றி அவள் சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் சொன்னதால்தான் அடைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் அதை அவள் காதில் விழச் சொல்ல ஒருவருக்கும் மனசு வரவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுகூடச் சிலர் நம்பினார்கள். நான் கள்ளக்குறிச்சியில் வீடு எடுத்து அவளைக் கூட்டிவந்த பிறகு, சாயங்காலங்களில் அவள் வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருக்கும்போதே கையை விரித்து முகத்தின்மேல் வைத்துக்கொள்வாள். கட்டைவிரல் கீழுதட்டில் இருக்கும், சுண்டுவிரலை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி நெற்றிக்குமேல் மயிர் துவங்குகிற இடத்தில் வைப்பாள். அப்படியே கொஞ்ச நேரம் மூச்சுவிடாமல் இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், "இன்னாம்மா, தலநோவா?" என்று கேட்பார்கள்.

கையை எடுத்துவிட்டு, "ஆமா" என்பாள்.